அயோவாவில் நம்ம ஆளு யாரு?

என் மாமனாருக்கு அமெரிக்காவைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் உண்டு. "அங்க நம்ம ஆளு யாரு இருக்காங்க?"

விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் கன்சல்டன்சியில் உட்கார்ந்துகொண்டு இதையே திரும்பத் திரும்பக் கேட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் ஆரோக்கியசெல்வி என்ற பெண். வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்கு எந்த காலேஜ் பொருந்தும் என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. திரையை எங்கள் பக்கம் திருப்பி, இங்கே படிப்பு நன்றாக இருக்கும், இங்கே செலவு குறையும், இங்கே குளிர் கொஞ்சம் அதிகம் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். மாமா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டுப் பழையபடி அதே கேள்விக்கு வந்து நின்றார்.

"தமிழ் ஆளுங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க சார்," என்றாள் அவள்.

"தமிழ் ஆளுங்க இங்கயே இருக்காங்களேம்மா. நான் நம்ம ஆளுங்கள கேக்கறேன்."

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. மவுஸைப் பிடித்திருந்த கை ஒரு நொடி நின்றது. பிறகு, "அந்த மாதிரி விவரம் எங்ககிட்ட இருக்காதுங்க சார்," என்று மரியாதையாகவே சொன்னாள். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

நான் அந்த வீட்டு மருமகள். இளவரசி என்று பேர்; பேரோடு சரி. மாமா சின்னதுரைக்குப் பெருமுக்கல் பக்கம் கிணற்றுப் பாசன நிலம் இருக்கிறது, மல்லாட்டையும் நெல்லும் போடுகிறோம்; நிலக்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்று பேர். அவர் மகன் குமரேசன் என் வீட்டுக்காரர். மகள் புனிதாவுக்குத்தான் அமெரிக்கா. புனிதா தனியாக விழுப்புரம் வரக்கூடாது என்று துணைக்கு என்னை அனுப்பினார்கள். இரண்டு பெண்கள் தனியாக வரக்கூடாது என்று எங்களுக்குத் துணையாக மாமா வந்தார். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறக்கப்போகிற பெண் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காரக்கூட அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

புனிதா எம்.காம். முடித்துவிட்டுத் திண்டிவனத்தில் ஒரு எண்ணெய் ஆலை ஆபீசில் வேலை பார்த்தாள். சின்ன வயதிலிருந்தே மாமாவோடு டிராக்டரில் ஏறிக் கமிட்டிக்குப் போய்ப் பழகியவள். விளைச்சலைக் கொண்டுபோய் ஏலத்தில் விற்கும் அரசாங்க விற்பனைக்கூடத்தைத்தான் இங்கே கமிட்டி என்போம். ஒரே நாளில், ஒரே ரகத்து மல்லாட்டைக்குத் திண்டிவனத்தில் ஒரு விலை, விழுப்புரத்தில் வேறு விலை. ஏன் அப்படி என்று மாமாவைக் கேட்டிருக்கிறாள். "அது அப்படித்தான்," என்றிருக்கிறார். அந்த பதில் அவளுக்குப் போதவில்லை. வளர்ந்த பிறகும் அந்தக் கேள்வியை விடவில்லை. சைக்கிள் தூரத்தில் இருக்கும் இரண்டு வியாபாரிகளுக்கு நடுவில் விலைச் செய்தி எப்படிப் போகிறது, போகாமல் எங்கே நிற்கிறது என்று எதையாவது எழுதிக்கொண்டே இருப்பாள்.

அமெரிக்க காலேஜுக்கு விண்ணப்பிக்கும்போது, ஏன் பிசினஸ் படிக்க விரும்புகிறாய் என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். மற்ற பிள்ளைகள் கன்சல்டன்சியில் ஏற்கெனவே இருக்கும் கட்டுரையில் பேரை மாற்றிப் போட்டு அனுப்புவார்களாம். புனிதா திண்டிவனம் மல்லாட்டை விலையைப் பற்றி எழுதினாள். அதைப் படித்துவிட்டு அயோவா மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஒரு பேராசிரியர் வீடியோவில் பேச வேண்டும் என்று எழுதினார்.

அவர்கள் பேசிய சாயங்காலம் நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பாதி புரிந்தது. அந்த வெள்ளைக்காரர் கேள்வி மேல் கேள்வி கேட்டார், இவள் தயங்காமல் பதில் சொன்னாள். ஒரு இடத்தில் இவள் அவரைத் திருத்தினாள், அவர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் யாரும் அவளிடம் இவ்வளவு நேரம் தொடர்ந்து கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. "காப்பி போடு", "கதவ சாத்து" என்பதெல்லாம் கேள்வியில் சேராதே.

பங்குனியில் இடம் கிடைத்தது. அவர் ஆராய்ச்சியில் உதவியாக வேலை செய்தால் படிப்புக்குக் கட்டணமே வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்கள். ஆரோக்கியசெல்வி போன் பண்ணி, "நான் இங்க சேந்ததுலேந்து யாருக்கும் இப்பிடி வந்ததில்லைங்க," என்றாள். புனிதா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். நான் திண்டிவனத்தில் பி.எஸ்சி. கடைசி வருடம் படிக்கும்போதே கழுத்தில் தாலி ஏறிவிட்டது. அதை நினைத்துக்கொண்டு அழுதேனோ என்னவோ.

மாமாவுக்கும் பெருமை இல்லாமல் இல்லை. டீக்கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். மாமியார் கெங்கம்மாள்தான், "பேரே ஐயோன்னு ஆரம்பிக்குது, வேற ஊரு கெடைக்கலியா?" என்று முகத்தைச் சுளித்தார். மாமா திண்ணையில் உட்கார்ந்து யோசித்துவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

"அங்க நம்ம ஆளு யாரு இருக்காங்க?"

"புரொபசர் இருக்காருப்பா. அவரே கூப்புட்டுக்கினு இருக்காரு."

"புரொபசரு நமக்கு என்னா வேணும்? நாளைக்கி உனக்கு ஒடம்பு சரியில்லன்னா அவரா வந்து கஞ்சி வெச்சிக் குடுப்பாரு?"

"ஹாஸ்பிட்டல் இருக்கும்ப்பா."

"நான் உன்ன அனுப்பமாட்டேன்னு சொல்லல. இந்தச் சுத்துவட்டாரத்துல எவன் பொண்ண அனுப்பறான் சொல்லு? நான் அனுப்பறேன். ஆனா பனிக்காட்டுல ஒண்டியா வுட்டுட்டு இங்க நான் எப்பிடித் தூங்கறது?"

அதில் பொய் இல்லை. மகள் புதுச்சேரி காலேஜிலிருந்து திரும்பப் பத்து நிமிடம் தாமதமானால் ரோட்டுக்கே போய் நின்றுகொண்டிருந்த மனிதர். அவர் பயம் நிஜமான பயம். அந்த பயத்துக்கு அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான். கல்யாண புரோக்கருக்கு போன் போட்டார்.

புரோக்கர் சித்திரை பிறப்பதற்குள் மாப்பிள்ளையோடு வந்துவிட்டார். மாப்பிள்ளையோடு என்றால் போட்டோவோடு. கோகுலகிருஷ்ணன். விழுப்புரத்தில் சொந்த வீடு. பையன் நியூ ஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை. நம்ம ஆளு. ஜாதகத்தில் ஒன்பது பொருத்தம். மாமாவின் முகத்தில் இத்தனை நாள் இல்லாத வெளிச்சம். ஒரே கல்யாணத்தில் மகளுக்குப் படிப்பு, புருஷன், காவல் மூன்றும் முடிந்துவிடும் என்றால் யாருக்குத்தான் இருக்காது?

ஒரே ஒரு சிக்கல். நியூ ஜெர்சிக்கும் அயோவாவுக்கும் இடையே இங்கிருந்து டெல்லிக்குப் போகிற தூரம். மாப்பிள்ளை வீட்டார் நயமாகச் சொன்னார்கள். பையன் இருக்கும் ஊரிலேயே பொண்ணு படிக்கட்டும், அப்போதுதானே குடும்பம்? மாமாவுக்கு அது தேனாக இனித்தது. மறுநாளே விழுப்புரத்துக்கு பஸ் ஏறினோம்.

ஆரோக்கியசெல்வி நம்பாமல் கேட்டாள். "அயோவாவ வேணாம்னு சொல்றீங்களா?"

"மாப்பிள்ளை வூட்டுலேந்து எத்தினி கிலோமீட்டர்ல காலேஜ் இருக்குன்னு பாரும்மா. பக்கமா இருக்கறதப் போடு."

அவள் தேடினாள். நல்ல காலேஜ்களுக்கெல்லாம் தேதி முடிந்திருந்தது. கடைசி நேரத்தில் யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும் ஒன்று இருந்தது, மாப்பிள்ளையின் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். "இது பேருக்கு எம்.பி.ஏ. தாங்க சார். விசா இன்டர்வியூவுல ஏன் இந்த காலேஜுன்னு கேட்டா சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது," என்றாள். மாமா, "பக்கமா இருக்குன்னு சொல்லட்டுமே," என்றார். கேலிக்காகச் சொல்லவில்லை. அவருக்கு அதைவிட நல்ல காரணம் தெரியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் நான் புனிதாவின் காதோடு, "நீ முடியாதுன்னு சொல்லேன்," என்றேன்.

"சொன்னா அமெரிக்காவே கெடையாது அண்ணி. இங்க இருக்கற ஏதோ ஒரு மாப்பிள்ளை வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. இதுன்னா போயாவது சேந்துடுவேன். போய்ச் சேந்தப்பறம் வேற காலேஜுக்கு மாறிக்கலாமாம்."

அவள் கணக்குப் போட்டுத்தான் ஒப்புக்கொண்டாள். அன்றைக்கே பேராசிரியருக்கு எழுதிவிட்டாள். குடும்பக் காரணம் என்று மட்டும் எழுதினாளாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று ரசத்தில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டேன், வீட்டில் யாரும் காரணம் கேட்கவில்லை.

வைகாசியில் நிச்சயதார்த்தம், திண்டிவனம் மண்டபத்தில். மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டு நாலு நாளைக்கு வந்துபோனார். மரியாதையான பையன்தான், சாப்பிடும்போதுகூட போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம், அதற்குள் பொண்ணுக்கு விசா வந்துவிடும், இருவரும் சேர்ந்து பறக்கலாம் என்று பேச்சு. "விசா வந்துடுமில்ல? விசா எப்ப வரும்?" என்று மாப்பிள்ளையின் அம்மா என்னிடமே மூன்று தடவை கேட்டார். மருமகள் மேல் எவ்வளவு அக்கறை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரரும் அவர் சினேகிதர்களும் கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில் பேனர் வைத்தார்கள். காது குத்துக்கே பேனர் வைக்கிற ஊரில் அமெரிக்காவுக்கு வைக்காமல் விடுவார்களா? இடது பக்கம் மாப்பிள்ளை கோட்டு சூட்டில், வலது பக்கம் புனிதா பட்டுப்புடவையில், நடுவில் சுதந்திர தேவி சிலை, மேலே விமானம், கீழே எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருடைய தலையும் வரிசையாக. சென்னை போகிற பஸ்ஸெல்லாம் அந்தப் படத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். நிச்சயதார்த்த வீடியோவை போட்டோகிராபர் பாட்டு சேர்த்து இன்ஸ்டாகிராமில் போட்டார். "யு.எஸ். மாப்பிள்ளை, யு.எஸ். பொண்ணு" என்று அதற்குத் தலைப்பு.

ஆனி மாதத்தில் விசா இன்டர்வியூவுக்குப் பயிற்சி கொடுக்க ஆரோக்கியசெல்வி புனிதாவை வரச்சொன்னாள். இந்த முறை மாமா வரவில்லை. நிச்சயம் ஆகிவிட்ட பெண்ணுக்கு அண்ணி துணை போதும் என்று ஆகியிருந்தது. ஆரோக்கியசெல்வி அதிகாரி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து இங்கிலீஷில் கேட்டாள், ஏன் இந்த காலேஜ்? புனிதா மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். சிறந்த ஆசிரியர்கள், நவீன வகுப்பறைகள். மழலைப் பள்ளி விளம்பரம் மாதிரி இருந்தது.

ஆரோக்கியசெல்வி கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, "சும்மா ஒரு தடவ, அயோவாவ நெனச்சிக்கினு சொல்லுங்க," என்றாள்.

புனிதா பேசினாள். கமிட்டி, விலை, மல்லாட்டை, அந்தப் பேராசிரியரின் ஆராய்ச்சி, திரும்பி வந்து இங்கே என்ன செய்யப் போகிறாள் என்பதெல்லாம். பக்கத்து மேசையில் இருந்தவன்கூட வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான். பேசி முடித்ததும் ஆரோக்கியசெல்வி எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

பிறகு இன்னொன்று சொன்னாள். படிக்கப் போகிறவர்கள் படிப்பு முடிந்ததும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வர வேண்டும். இப்போது இன்ஸ்டாகிராமையெல்லாம் எல்லோரும் பார்க்கிற மாதிரி திறந்து வைக்கச் சொல்கிறார்கள். "மாப்பிள்ளை அங்கயே இருக்காருன்னா, நீங்க எதுக்குத் திரும்பி வரப்போறீங்கன்னு கேப்பாங்க. என்னா சொல்லுவீங்க?"

அதை யோசித்துக்கொண்டே பஸ் ஏறினோம்.

வீட்டில் வந்து சொன்னோம். குறைந்தபட்சம் அந்த வீடியோவையாவது எடுக்கச் சொல்லலாம் என்று என் வீட்டுக்காரர் மாப்பிள்ளை வீட்டுக்கு போன் பண்ணினார். மாப்பிள்ளையின் அம்மா ஒரே பிடியாக, "ஏன் எடுக்கணும்? எங்க பையன மறைச்சி வெச்சிக் கல்யாணம் பண்ற அளவுக்கு என்னா கொறை?" என்று கேட்டுவிட்டார். மாமா பதறிப்போய் போனை வாங்கி, "அப்பிடியே இருக்கட்டும் சம்பந்தி," என்றார். பிறகு எங்களிடம் திரும்பி, "ஆம்பள தொணையோட போற பொண்ணுக்கா விசா தரமாட்டான்? ஒண்டியா போறவளுக்குத்தான் யோசிப்பான். கன்சல்டன்சிகாரி சும்மா பேஜாரு பண்றா," என்றார். அவர் மனதில் அந்த அதிகாரி இன்னொரு பெண்ணைப் பெற்ற தகப்பன். தனக்கு எது நிம்மதியோ அதுவே அவருக்கும் நிம்மதி என்று மாமா முழுமனதாக நம்பினார்.

ஆடியில் இன்டர்வியூ. சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு எதிர்ப் பக்கம், பிளாட்பாரத்தில் நானும் என் வீட்டுக்காரரும் நின்றோம். எங்களைப் போலவே பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டுப் பெற்றவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். விசா கிடைத்தால் பாஸ்போர்ட்டை அவர்களே வாங்கி வைத்துக்கொள்வார்கள், வெறுங்கையோடு வந்தால் நல்ல செய்தி என்று பக்கத்தில் நின்ற ஒரு அம்மா எனக்குச் சொன்னார். என் வீட்டுக்காரர் அப்போது டீ வாங்கப் போயிருந்தார்.

புனிதா வெளியே வந்தாள். கையில் பாஸ்போர்ட் இருந்தது. கூட ஒரு துண்டுச் சீட்டு.

டீயோடு வந்த என் வீட்டுக்காரர், "பாஸ்போர்ட்டு குடுத்துட்டாங்க. ஜல்தியா முடிஞ்சிபோச்சே," என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே மாமாவுக்கு போன் போட ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

திண்டிவனம் பஸ்ஸில் செங்கல்பட்டு தாண்டியபிறகு அவள் தானாகச் சொன்னாள். அந்த அதிகாரி நல்லபடியாகத்தான் பேசினாராம். ஏன் இந்த காலேஜ் என்று கேட்டார். ஒப்பித்தாள். வேறு எங்கும் இடம் கிடைக்கவில்லையா என்றார். கிடைத்தது, கட்டணம் இல்லாமல் அயோவாவில் கிடைத்தது என்றாள். பிறகு ஏன் அதை விட்டீர்கள் என்றார். அவள் யோசித்துப் பார்த்தாளாம், வேறு என்ன சொல்வது? "நிச்சயம் ஆயிருக்கு, அவர் நியூ ஜெர்சில இருக்காருன்னு சொன்னேன் அண்ணி. அவரு சாரின்னு சொல்லிட்டுச் சீட்டக் குடுத்துட்டாரு."

"பொய் சொல்லியிருக்கலாமே," என்றார் என் வீட்டுக்காரர்.

"எந்தப் பொய்ய சொல்றது? கூட்டேரிப்பட்டுலேந்து எல்லாருக்கும் தெரியற மாதிரி நிக்குதே."

அந்த அதிகாரி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் வீட்டில் யாரும் புனிதாவிடம் கேட்காத கேள்வியைத்தான் அவர் கேட்டார். நல்லதைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் அதை விட்டாய் என்று அவர் ஒருவர்தான் கேட்டார்.

மாமா செய்தியைக் கேட்டுவிட்டு, "சரி வுடு. கல்யாணம் ஆனா புருஷன் பேர்ல போய்க்கலாம்," என்றார். கெங்கம்மாள் அத்தையும் அதையே சொன்னார். படிப்பு போனால் போகிறது, வாழ்க்கை இருக்கிறதல்லவா என்று இரண்டு பேரும் அன்றைக்கே தேறிவிட்டார்கள். புனிதா மாத்திரம் சாப்பிடாமல் படுத்திருந்தாள்.

ஒரு வாரம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளையே புனிதாவுக்கு போன் பண்ணினார். சமையலறையில் நானும் அவளும்தான் இருந்தோம். அவள் என்ன நினைத்தாளோ, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அம்மியின் மேல் வைத்தாள்.

"உங்ககிட்ட உண்மைய சொல்லிட்றேன் புனிதா. எனக்கு இங்க வேல பாக்கற பர்மிஷன் இந்த வருஷத்தோட முடியுது. அடுத்த விசாவுக்கு குலுக்கல்ல மூணு வருஷமா பேரு வுழல."

"எங்கப்பாகிட்ட பர்மனென்ட் வேலன்னு சொன்னாங்களே?"

"வீட்டுல அப்பிடித்தான் சொல்லுவாங்க. நீங்க ஸ்டூடன்ட் விசாவுல வந்திருந்தா, உங்க ஹஸ்பண்டா உங்க விசாவோட சேந்து நானும் இங்கயே இருந்திருக்கலாம். அதுக்காகத்தான் இங்க படிக்கிறதுக்கு வர்ற பொண்ணா பாருங்கன்னு புரோக்கர்கிட்ட சொன்னோம்."

புனிதா அடுப்பைச் சின்னதாக்கினாள். "நியூ ஜெர்சி காலேஜ் தான் வேணும்னு நீங்கதான் சொன்னீங்களா?"

"என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இங்கதான். அயோவாவுல போயி நான் என்னா பண்றது?" பிறகு, "அம்மா வேற எடம் பாத்துக்கினு இருக்காங்க. விசா கையில இருக்கற பொண்ணு. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க," என்றார். குரலில் வருத்தம் இருந்தது. அது யாருக்கான வருத்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

மாமா தேடியது மகளுக்கு ஒரு காவல். அவர்கள் தேடியது மகனுக்கு ஒரு விசா. இரண்டு தரப்புக்கும் புரோக்கர் ஒருவர்தான், அவர் யாரிடமும் பொய் சொல்லியிருக்க மாட்டார். அவரவர் கேட்டதைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறார். புனிதாவுக்கு என்ன வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

மாமாவிடம் நான்தான் சொன்னேன். உரக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு பல நாள் டீக்கடைக்குப் போகவில்லை. எப்ப பிளைட்டு என்று யாராவது கேட்பார்களே. பேனர் மட்டும் கூட்டேரிப்பட்டிலேயே நின்றது, வைத்தவர்கள் யாருக்கும் அதை எடுக்க மனம் வரவில்லை. புனிதாவை ஆலை வேலைக்குத் திரும்ப அனுப்பவும் மாமாவுக்கு மனமில்லை. அந்தப் பேனரைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அங்கேயும் வேலை பார்க்கிறார்கள். அவள் வீட்டில் இருந்தாள். கேட்டால் பேசுவாள், சொன்னால் சாப்பிடுவாள். எதையும் எழுதுவதில்லை.

ஆவணியில் நல்ல காற்று அடித்து பேனர் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியபிறகு என் வீட்டுக்காரர் போய் அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு வந்தார். கெட்டியான ஃப்ளெக்ஸ், தூக்கிப் போட யாருக்கும் மனம் வராது. மோட்டார் ரூமில் வைத்தார்.

புரட்டாசியில் மல்லாட்டை பிடுங்கினோம். ஆய்ந்து களத்தில் காயப்போட்டிருந்தோம். மாமா, அத்தை, நான், புனிதா நால்வரும் களத்தில் இருந்த ஒரு பிற்பகல். புனிதாவின் போனில் மெயில் வந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு என் பக்கம் நீட்டினாள். அயோவா பேராசிரியர். அந்த ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது, அவளை மறக்கவில்லை, அடுத்த ஆகஸ்டில் சேர விருப்பமிருந்தால் இடமும் உதவித்தொகையும் மறுபடி ஏற்பாடு செய்ய முடியும், சீக்கிரம் பதில் எழுதவும் என்று இருந்தது.

புனிதா அப்பாவின் பக்கத்தில் போய்க் குந்தினாள். மெயிலைத் தமிழில் சொன்னாள். மாமா கையில் இருந்த காயை உடைத்துப் பருப்பைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நல்ல காலேஜா?"

"ஆமாம்ப்பா."

"குளுரு ரொம்ப இருக்குமா?"

"இருக்கும். தாங்கிக்குவேன்."

"அங்க என்னா வெளையுது?"

"மக்காச்சோளம்ப்பா. எங்க பாத்தாலும் மக்காச்சோளந்தான்."

மாமா தலையை ஆட்டினார். இத்தனை மாதத்தில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் வேறு கேள்விகள் கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தைகூட முறத்தைக் கீழே வைத்துவிட்டார். புனிதாவின் முகத்தில் ஏதோ ஒன்று திரும்பி வருவதை நான் கண்ணால் பார்த்தேன்.

"அந்தப் பையன் நம்மள ஏமாத்திட்டான்," என்றார் மாமா. "தப்பு என்னுது. நல்லா விசாரிக்காம அவசரப்பட்டுட்டேன். நீ அழுத அழுகைய பாத்தப்பறம் எனக்குச் சோறு எறங்கல. அதனால போன வாரமே புரோக்கர்கிட்ட சொல்லிட்டேன். இந்தத் தடவ அயோவாவுலயே நம்ம ஆளு யாருனா இருக்கானான்னு பாக்கச் சொல்லியிருக்கேன்."

புனிதா மெதுவாக, "இல்லன்னா?" என்று கேட்டாள்.

"இல்லன்னா என்னா? எந்த ஊர்ல இருக்கானோ அந்த ஊர்ல ஒரு காலேஜ் பாத்துக்கலாம். அமெரிக்காவுல காலேஜுக்கா பஞ்சம்?" என்று மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார். அவ்வளவு பாசமாகத் தடவினார். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை, மருமகள்கள் கத்துவதில்லை.

தூறல் விழ ஆரம்பித்தது. மல்லாட்டை நனைந்தால் போச்சு என்று அத்தை பதறினார். மாமா மோட்டார் ரூமுக்கு ஓடி அந்த ஃப்ளெக்ஸை இழுத்துக்கொண்டு வந்தார். புனிதா போனை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். "அண்ணி, அந்த முனையப் புடிங்க," என்றாள். நான் பிடித்தேன்.

விரித்ததும் கிழிந்த சுதந்திர தேவியும் விமானமும் எங்கள் எல்லோருடைய தலைகளும் மல்லாட்டைக் குவியலின் மேல் படுத்தன. காற்று அடித்துத் தூக்கியது. நாங்கள் ஓரங்களில் கல் வைத்தோம், அப்படியும் நடுவில் உப்பிக்கொண்டு எழும்பியது. புனிதா வரப்பிலிருந்து பெரிய கல்லாக ஒன்றைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். பட்டுப்புடவையில் சிரித்துக்கொண்டிருந்த தன் முகத்தின் மேலேயே அதை வைத்தாள். அது அசையாமல் நிற்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.